அறுகம்பையை இன்னொரு எல்ல ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பை பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, அதில் குறை இல்லை. ஆனால் எழுதியவர் கடலையும் வெள்ளைக்காரர்களையும் பார்த்த அளவுக்கு ஊரைப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. கடைசியில் ஒரு ஆலோசனை வேறு: வீதி ஒடுக்கமாம், பெரிய ஹோட்டல்கள் போதாதாம், பாசிக்குடாவைப் போல் திட்டம் போட்டு வளர்க்க வேண்டுமாம். அதை வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் அப்புத்தளையில் வேன் ஓட்டுபவன். கோயில், கல்யாணம், பிள்ளைகளின் சுற்றுலா என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஹயர் போவேன். வருஷா வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போய் வருகிறவன், இந்த மலைப் பக்கம் சுற்றுலாக் கூட்டம் வந்து எல்ல என்ற ஊர் என்ன ஆனது என்பதையும் கூடவே இருந்து பார்த்தவன், அதனால் எனக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எல்ல பற்றிச் சொல்லும் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் ஊர். பொத்துவில் டவுனைத் தாண்டி, களப்பு என்று சொல்லும் கடலோர ஏரியின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் பாணமைக்குப் போகும் வீதி வரும். அந்த ஒற்றை வீதிதான் அறுகம்பை. ஊர்க்காரர்கள் உல்லை என்பார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும். முஸ்லிம் குடும்பங்கள் கூட, சிங்களவர்களும் தமிழர்களும் இருக்கிறார்கள், வந்து தங்கிப்போன வெளிநாட்டவர் சிலரும் உண்டு. கபானா என்ற தங்கும் குடில் வைத்திருப்பவர், அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் பொடியன், ஆட்டோக்காரர், ரொட்டிக் கடைக்காரர் என்று நீங்கள் பார்க்கும் முகங்களில் பாதி ஒன்றுக்கொன்று சொந்தம். ஒரு கடையில் சில்லறை இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் பிள்ளையை அனுப்பி எடுக்கிறார்கள். இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் 'வளர்ச்சி குறைவு' என்று எழுதியிருக்கிறார்.

காலையில் ஆறு மணிக்குக் கரைக்குப் போனால் தெரியும். தெற்குக் கோடியில், அலைச்சறுக்கு முனைக்குப் போகும் வழி நெடுக வள்ளங்கள். இரவில் போனவை திரும்பி வரும் நேரம் அது. வள்ளம் மணலில் தட்டியதும் நாலைந்து பேர் ஓடிப்போய்த் தோள் கொடுப்பார்கள், அதில் சில சமயம் பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்த வெளிநாட்டுப் பொடியன் ஒருவனும் இருப்பான். 'ஏலேலோ' எல்லாம் கிடையாது, ஒருவர் கத்துவார், மற்றவர்கள் தள்ளுவார்கள், அவ்வளவுதான். பெட்டியில் சூரையும் பாரையும் கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு அறுக்குளா. பொத்துவில் வியாபாரி மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விலை பேசிக்கொண்டிருப்பார். நம்ம ஆட்கள் அங்கே நின்றால் விலை சற்றுக் கூடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேரம் பேசினால் குறைப்பார்கள், சிரித்துக்கொண்டே குறைப்பார்கள். சாயங்காலம் பாலத்தின் பக்கம் போனால் களப்பில் வீச்சுவலையோடு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள்.

பிரதான வீதியில் நான் வழக்கமாக நிறுத்தும் ரொட்டிக் கடை ஒன்று உண்டு. கடைக்காரரைக் காக்கா என்போம், முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது. அந்தக் காக்காவுக்கு என் பெயர் தெரியாது, ஊர் தெரியும். வேனைக் கண்டதும் "மலைநாட்டுத் தம்பி, தேயில கொண்டு வந்தீங்களா?" என்பார். நானும் தோட்டத்து ஃபெக்டரித் தூளில் ஒரு பையைக் கையில் வைத்திருப்பேன். அதற்கு அவர் காசு கொடுத்ததில்லை, நான் கேட்டதும் இல்லை. திரும்பும்போது ஒரு பார்சல் கருவாடு வேனில் ஏறிவிடும். சியம்பலாண்டுவ தாண்டும் வரை பின் சீட்டில் இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுவார்கள், மறுநாள் அவர்கள் வீட்டிலேயே அது குழம்பில் கொதிக்கும். பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் கருவாட்டுக்குப் பேரம் பேசி வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

அந்தக் கரைக்கும் நம்ம மலைக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரையாளர் ஒரு வரி கூட எழுதவில்லை. ஏ4 வீதி கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலைத் தொட்டு மட்டக்களப்பு வரை ஓடுகிறது. எங்கள் டவுனிலிருந்து பெரகலைக்கு இறங்கினால் போதும், பிறகு அதே வீதி கடல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் தியலும நீர்வீழ்ச்சி தெரியும்போது அதைக் கழற்றுவார்கள், வெல்லவாயவில் ஜன்னலைத் திறப்பார்கள், மொனராகலை தாண்டினால் தண்ணீர்ப் போத்தல் கேட்பார்கள்.

காற்றும் அப்படித்தான். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் ஊவாப் பக்கம் வரும்போது காய்ந்துபோய் வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் ஊவாக் கொழுந்துக்கு உலகம் தேடும் மணம் ஏறுகிறது, ஏலத்தில் விலையும் ஏறுகிறது. அதே காற்று கீழே இறங்கினால் கிழக்கில் அதற்குக் கச்சான் காற்று என்று பெயர். நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். தெற்கே வெகு தூரத்திலிருந்து கிளம்பி வருகிற அலை கரையை நெருங்கும்போது இந்தக் காற்று எதிரே நின்று தாங்குவதால், அலை பொத்தென்று விழாமல் எழுந்து நின்று முனையைச் சுற்றி உருண்டு வருகிறது. பலகைக்காரர்கள் ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை அங்கே குவிவது இதனால்தான். இதை எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, பலகை வாடகைக்கு விடும் உல்லைப் பொடியன் ஒருவன். "உங்கட மலையில காத்து நிண்டா எங்களுக்கு வேல இல்ல அண்ணன்" என்றான். உங்கள் கட்டுரையாளர் அவனிடம் பேசியிருக்கலாம்.

நவம்பர் வந்தால் வாடைக்காற்று, மழை, கலங்கின கடல். வெளிநாட்டவர்கள் தெற்கே வெலிகம, ஹிக்கடுவப் பக்கம் போய்விடுவார்கள், சொல்லிக்கொடுக்கும் பொடியன்களில் சிலரும் அவர்கள் பின்னாலேயே போவார்கள். மற்றவர்கள்? வயலுக்குப் போவார்கள். பெரும்போக விதைப்பு அப்போதுதான். கபானாவின் கதவைக் கட்டிவிட்டு, ஆறு மாதம் இங்கிலீஷும் ஹீப்ருவும் பேசின வாய் உரமூடை விலையைப் பேசும். சீசனில் ஒரு முகம், மழையில் ஒரு முகம். நான் மழைக்காலத்தில் ஒரு கல்யாண ஹயருக்கு அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். பாதிக் கடை பூட்டியிருந்தது, மாடுகள் நடு வீதியில் படுத்திருந்தன. ஹோர்ன் அடித்தால் மாடு எழும்பாது, ஊர்க்காரர்தான் எழும்பி வந்து என்னைப் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அறுகம்பைதான் கூடப் பிடித்தது.

பெண்கள் விஷயத்தையும் கட்டுரை தொடவில்லை. 2018இல் அந்த ஊர்ப் பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள், நாட்டிலேயே பெண்களுக்கென்று வந்த முதல் கழகம் அது. அதில் பிள்ளை பெற்ற தாய்மாரும் இருக்கிறார்கள். கடற்கரையில் பிறந்தும் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாத ஊரில், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற பயத்தைத் தாண்டிப் பலகையோடு இறங்கினார்கள். 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிப் போட்டி அங்கே நடந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின, சரி. என்னைக் கேட்டால் அந்தப் பெண்கள் தண்ணீரில் இறங்கியதுதான் அதைவிடப் பெரிய செய்தி.

இனி, திட்டம் போட்டு வளர்ப்பது பற்றி. அறுகம்பைக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் வந்து போயிற்று, அதை மறந்துவிட்டோம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்தக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. பாலமும் உடைந்தது. இப்போது இருப்பது அமெரிக்க உதவியில் கட்டி 2008இல் திறந்த பாலம். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை யாரும் கட்டக்கூடாது என்றது. உயிரைக் காப்பாற்றத்தான் என்றார்கள். ஆனால் ஹோட்டல்களுக்கு விலக்கு இருந்தது. மீனவன் வாடி போட்டால் ஆபத்து, ஹோட்டல் கட்டினால் ஆபத்தில்லை, இது என்ன கணக்கு என்று உல்லை மக்கள் வீதியில் இறங்கிக் கேட்டார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு வந்த பிறகு அந்த எல்லையைக் குறைத்தார்கள். இன்றைக்கு அங்கே மணலில் வள்ளம் கிடக்கிறதென்றால் அன்றைக்குக் கத்தினவர்களால்தான் கிடக்கிறது. பக்கத்தில் பாணமைக் கரையில் 2010இல் காணியிலிருந்து துரத்தப்பட்ட சிங்களக் குடும்பங்களின் கதை இன்னும் நீளம், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மலையக வாசகர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அதே ஏ4 வீதியில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போன இடம். முன்பே எச்சரிக்கை வந்த மலை அது. எச்சரிக்கை வந்தால் போக வேறு இடம் வேண்டுமே, அதைக் கொடுக்க ஆள் இல்லை. ஆபத்து வலயம் என்ற பலகையை ஏழையின் வாசலில் நட்டுவிட்டு அதற்கு மேலே இருக்கும் காணியில் வேறு யாருக்கோ அனுமதி கொடுப்பது கடற்கரையிலும் ஒன்றுதான், மலையிலும் ஒன்றுதான். அந்த இடத்தைக் கடக்கும்போது என் வேனில் பாட்டை நிறுத்திவிடுவோம்.

எல்லவுக்கு வருகிறேன். எனக்கு நினைவு தெரிந்து எல்ல என்பது ஒரு ஸ்டேஷன், ஒரு சந்தி, சில கடைகள், சில ரெஸ்ட்ஹவுஸ். அவ்வளவுதான். ஒன்பது வளைவுப் பாலம் 1921இலிருந்து அங்கேதான் நிற்கிறது, நாங்கள் அதன் மேல் நடந்துதான் தெமோதரைப் பக்கம் போவோம், ஒருவரும் படம் எடுத்ததில்லை. பிறகு படம் உலகம் முழுக்கப் போயிற்று. கூட்டம் வந்தது, நல்லதுதான், என் போன்றவர்களுக்கும் அதில் சோறு கிடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் எப்படி வந்தது? முதலில் ஊர்க்காரர் தன் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டார். பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அந்த வீட்டையே குத்தகைக்கு எடுத்தார். பிறகு சரிவில் தூண் நட்டு மாடி மேல் மாடி. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வரும், அடுத்த சீசனில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தூண் நிற்கும். சின்ன சிவனொளிபாதம் என்று பெயர் வைத்து எல்லாரும் ஏறுகிற குன்றுக்குப் போகும் பாதை தேயிலைக்கு நடுவிலேதான் போகிறது. அங்கே கொழுந்து எடுக்கும் அம்மாவைக் கேட்காமலே படம் பிடிக்கிறார்கள். அவருடைய மகன் அடுத்த வளைவில் உள்ள ஹோட்டலில் அறை துடைக்கிறான். வீட்டைக் குத்தகைக்குக் கொடுத்த ஊர்க்காரர் தன் ஊரிலேயே வாடகைக்கு இருக்கிறார். சாயங்காலம் எல்ல வீதியில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடையைத் தேடிப் பாருங்கள், சோறும் பருப்பும் ஒரு கருவாட்டுப் பொரியலும் தோட்டத்து ஆள் வாங்கக்கூடிய விலைக்கு வேண்டும் என்று. பண்டாரவளைக்கு வந்துதான் சாப்பிட வேண்டும்.

அந்த வழியில் வாகனம் கூடிப்போய், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் கடலுக்குப் போவதென்றால் பெரகலை வழியாகவே இறங்குகிறேன்.

அறுகம்பை இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. ஆனால் போகிற வழியில் கால் வைத்துவிட்டது, அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். போன சீசனில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு சின்னவள் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு போட்டது யாரு?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள். வெயில் ஏறிப்போக, நிழலுக்காகக் கரையோரமிருந்த ஒரு உணவகத்துக்குள் நுழைந்தோம். கையில் காசு இருந்தது, ஆளுக்கு ஒரு குளிர்பானம் குடிக்கலாம் என்று. கறுப்பு டீஷேர்ட் போட்ட பொடியன் ஒருவன் வாசலிலேயே மறித்தான். முதலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னான், பிறகு எங்களைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்து, "அண்ணே, நானும் பசறைப் பக்கம்தான். மொதலாளி லோக்கல் ஆளுங்கள எடுக்க வேணாம்னு சொல்லியிருக்காரு. கோவிச்சுக்காதீங்க" என்றான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. வந்தவர்களில் ஒரு பாட்டி அவனிடம் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த இடத்தின் பலகையில் ஒரு கேத்தல் தேநீரின் விலை எழுதியிருந்தது. 2024இல்தான் எங்கள் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது, அதற்குக் கிட்டத்தட்ட இருந்தது அந்த விலை. நூல் கட்டின பையில் வருகிற தேயிலை, அதுவும் எங்கள் மலைத் தேயிலை என்று பெயர் போட்டு.

இதில் ஊர்க்காரரின் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தை நடத்துவது வெளியிலிருந்து வந்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன், யாராக இருந்தால் என்ன. ரொட்டிக் கடைக் காக்காவிடம் இதைச் சொன்னபோது அவருக்குத்தான் எங்களைவிடக் கோபம் வந்தது. எல்லாருக்கும் இஞ்சி போட்ட பிளேன் டீ தந்து பிள்ளைகளுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு நியாயமாகப் பட்டது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோது சீசன் தொடங்கும் நேரம், வெளிநாட்டவர் போய்விட்டார்கள். அடுத்த இரண்டு வருஷம் கொரோனா. 2022இல் பெற்றோலுக்கே வரிசை. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பையில் உல்லாசப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரிக்கை விட, இஸ்ரேல் தன் ஆட்களை உடனே கிளம்பச் சொன்னது, இங்கே பாலத்திலிருந்து பொலிஸ். ஒவ்வொரு தடவையும் அந்த வீதி வெறிச்சோடியது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது வியாபாரம் கொடுத்தது அம்பாறையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த வேன்கள்தான் என்றார். வாசலில் வைத்து மறிக்கிற முதலாளிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவர் அந்த மாதங்களில் ஊரிலேயே இருந்திருக்க மாட்டார்.

நம்ம ஆட்களையும் சும்மா விட முடியாது. வேனில் வரும்போதே போத்தலைத் திறக்கிறார்கள், கரையில் இறங்கியதும் சவுண்ட் செட்டை முழுச் சத்தத்தில் வைக்கிறார்கள், பக்கத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கூடக் காதில் விழாது. சாப்பிட்ட லஞ்ச் ஷீட் எல்லாம் காற்றில் பறந்து வள்ளத்துக்குள் விழுகிறது. உடைந்த போத்தலை மணலில் புதைக்கிறார்கள், அடுத்த நாள் காலையில் அதன் மேல் வெறுங்காலோடு வள்ளம் தள்ளப்போவது யார்? குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிறவர்களைப் பற்றி எழுதவே வேண்டாம், உங்கள் பத்திரிகையிலேயே வருஷந்தோறும் வருகிறது. ஆற்றில் குளித்துப் பழகினவர்களுக்குக் கடல் காலை இழுப்பது தெரியாது. களப்பு அமைதியாக இருக்கிறதென்று அங்கே இறங்குகிறார்கள், அது அதைவிட மோசம். 2017இல் எலிபன்ட் ரொக் பக்கத்துக் களப்பில் கை கழுவப் போன ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளரை முதலை இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் என் வேனில் ஒரு சாக்குப் பை கட்டி வைத்திருக்கிறேன், குப்பை அதில் போடாதவர்களுக்கு அடுத்த தடவை ஹயர் இல்லை. குளிக்கும் இடத்தையும் நான்தான் காட்டுவேன், அதைத் தாண்டிப் போனால் ஹோர்ன் அடிப்பேன். அதற்காகச் சிலர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், பரவாயில்லை.

உகந்தைக்கு வரும் பாதயாத்திரைக்காரர்கள் இப்படி இல்லை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் பொத்துவில் கடந்து, பாணமை வழியாக உகந்தமலை முருகன் கோயிலில் தங்கி, பிறகு கூமுனைக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். நம்ம தோட்டங்களிலிருந்தும் நிறையப் பேர் உகந்தை வரை வேனில் போய் அங்கிருந்து நடப்பார்கள், அவர்களை நானும் இறக்கி விட்டிருக்கிறேன். ஒரே வீதி. ஒரு ஓரத்தில் பலகையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரி, மறு ஓரத்தில் காவி கட்டி வேல் தூக்கிக்கொண்டு போகும் கிழவர், நடுவில் நெல்லு ஏற்றின ட்ராக்டர். ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் போகிறார்கள். வீதி ஒடுக்கம் என்று கட்டுரையாளர் சொன்னதைக் கேட்டு அகலமாக்கினால் இவர்கள் எந்த ஓரத்தில் நடப்பது?

பாசிக்குடாவை உதாரணம் காட்டியிருந்தார். பாசிக்குடாக் கடல் அழகு, தண்ணீர் குளம் மாதிரி நிற்கும், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. போர் முடிந்த பிறகு அங்கே பெரிய ஹோட்டல்கள் வரிசையாக வந்தன. இன்றைக்குப் போய்ப் பாருங்கள், ஹோட்டல் வாசிகளுக்கு நீண்ட கரை, ஊர் ஆட்கள் குளிப்பதெல்லாம் ஒரு கோடியில் நெருக்கியடித்துக்கொண்டு. ஹோட்டலுக்குள் போனவர் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அங்கேயே பஸ் ஏறிப் போகிறார். வெளியே வீதியில் இளநீர் வெட்டுகிறவரிடம் அவர் ஒரு ரூபா செலவழிப்பதில்லை. அறுகம்பையில் அப்படி இல்லை, தங்குகிற இடத்தில் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த கடைக்கு நடந்து போகலாம், பலகை ஒருவரிடம், ஆட்டோ இன்னொருவரிடம், பொத்துவில் களப்பைச் சுற்றிக் காட்ட ஒரு மீனவரின் தோணி என்று காசு பத்துக் கைக்குப் போகிறது. இதைக் கெடுத்துவிட்டு அப்புறம் எந்தத் திட்டத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, எல்லயைப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்ய வேண்டியது கிடக்கிறது, ஆனால் சின்னச் சின்ன வேலை. வேனில் வருகிற பெண்கள் ஒதுங்கவும் உடை மாற்றவும் காசு கொடுத்தாவது போக ஒரு நல்ல இடம் இல்லை, தெரிந்த கடைக்காரர் வீட்டுக்குள் விடுவதால்தான் சமாளிக்கிறோம். பாலத்துப் பக்கம் எங்காவது ஒரு கொட்டகை போட்டு, தண்ணீர்க் குழாயும் அடுப்பும் வைத்து, சமைத்துச் சாப்பிட ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது, எங்கே முதலை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம், நான் கண்ட பலகைகளில் பாதி இங்கிலீஷில்தான் இருந்தன. வள்ளம் இழுக்கும் கரை வள்ளத்துக்கே என்று எல்லைக் கல் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் கதிரை போட ஒருவருக்கும் அனுமதி இல்லை என்று. கடற்கரை எல்லாருக்கும் பொது. அப்படியிருக்க உள்ளூர் ஆள் என்று வாசலில் மறிக்கிற கடையின் அனுமதிப் பத்திரத்தைப் பிரதேச சபை அடுத்த வருஷம் புதுப்பிக்கக் கூடாது, இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. அந்தப் பசறைப் பொடியனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் சீசன் முடிந்து கையை விரிக்காமல், வேலை செய்த மாதங்களுக்காவது சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று தொழில் திணைக்களம் ஒரு நாள் வந்து பார்க்கலாம். மலையக எம்பீக்கள் யாராவது இதை வாசித்தால் கேட்டுச் சொல்லட்டும், நம்ம பிள்ளைகள் எல்லயில் மட்டும் இல்லை, அந்தக் கரை முழுக்க வேலை செய்கிறார்கள்.

அடுத்த தடவை உங்கள் நிருபரை ஓகஸ்ட்டில் அனுப்பாமல் நவம்பரில் அனுப்பிப் பாருங்கள். தங்குவதற்கு ஆள் சொல்கிறேன், சாப்பாட்டுக்குக் காக்கா இருக்கிறார். வேன் வேண்டுமென்றாலும் நான் வருகிறேன், டீசல் காசு கொடுத்தால் போதும். ஆனால் திரும்பும்போது லாகுகலைக் காட்டை வெளிச்சத்தோடு தாண்டிவிட வேண்டும், ஆறு மணிக்குப் பிறகு அங்கே வீதி யானைக்குச் சொந்தம், "இன்னும் ஒரு படம் எடுத்துவிட்டு வருகிறேன்" என்று நிருபர் கரையில் நின்றால் நான் காத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வேன் சாரதி ஒருவர்,
அப்புத்தளை.